போர் முடிந்ததும் தாத்தாவின் சம்பளம் ஏன் குறைந்தது?

கேள்வி: என் அம்மாவின் அப்பா 1926-ல் சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1957-ல் ஓய்வு பெற்றார். போன மாதம் பழைய வீட்டை ஒழித்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் அவருடைய இரண்டு டைரிகளும், தன் பணிப்பதிவேட்டிலிருந்து அவரே கைப்பட எழுதி வைத்திருந்த நகலும் கிடைத்தன. 1942 ஜூனில் அவருடைய சொந்த ஊதியம் 72 ரூபாய். அதே மாதம் மேல்நிலை எழுத்தர் பொறுப்பு கொடுத்து 110 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். 1946 ஏப்ரல் 1 முதல் திடீரென்று 84 ரூபாய். 1947 ஜனவரி 1-ல் 85, அடுத்த ஆண்டு 89. "சண்டை முடிஞ்சதும் என் சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க" என்று சாகும்வரை சொல்வாராம். அவர் லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டார், அதனால்தான் பதவி இறக்கினார்கள் என்று உறவினர்கள் பேசியதாக அம்மா இப்போதுதான் சொல்கிறார். அவருக்கு 88 வயது. இது உண்மையா என்று தெரிந்தால் போதும் என்கிறார். டைரியில் 1942 செப்டம்பர் 1 அன்று, "இன்று முதல் புது மணி. பத்து மணி ஆபீஸ் இனி ஒன்பது மணிக்கு" என்றும் எழுதியிருக்கிறார். இதற்கு என்ன பொருள்? அந்தக் குறைவுக்கு இப்போது ஏதாவது கேட்க முடியுமா?

இன்னொன்று. நான் மாநில அரசு ஊழியன். கொரோனா காலத்தில் கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தோம், அகவிலைப்படியும் நின்றது. அடுத்த முறை இப்படி ஒரு காலம் வந்தால் சங்கம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம்.
— மதுரை வாசகர்

பதில்:

அன்புள்ள மதுரை வாசகருக்கு,

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: நீங்கள் அனுப்பிய பக்கங்களில் தண்டனைக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. தண்டனை இல்லை என்பதற்கான அடையாளம் மூன்று இருக்கிறது. ஊதிய நிர்ணயப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து, இப்படிப்பட்ட பதிவேடுகளையே படித்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொன்றாக விளக்குகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

1942-ல் அவருக்குக் கிடைத்தது நிரந்தரப் பதவி உயர்வு அல்ல. அதை அலுவலகத்தில் 'அஃபிஷியேட்டிங்' என்பார்கள். மேலே இருப்பவர் இல்லாத காலத்துக்கு அவருடைய இடத்தில் இருந்து வேலை பார்ப்பது. போர் தொடங்கியதும் மூத்த எழுத்தர்கள் பலரை ராணுவக் கணக்கு அலுவலகங்களுக்கும் தளவாடக் கொள்முதல் பிரிவுகளுக்கும் அனுப்பினார்கள். அப்படிப் போனவருக்குத் தன் பழைய இடத்தின்மேல் உரிமை அப்படியே இருக்கும். அதற்கு 'லியன்' என்று பெயர். 1922 முதல் நடைமுறையில் இருக்கும் அடிப்படை விதிகள் அந்த உரிமையைக் காப்பாற்றுகின்றன. அவர் திரும்பி வந்தால், அவருடைய நாற்காலியில் இருப்பவர் எழுந்து தன் பழைய நாற்காலிக்குப் போகத்தான் வேண்டும். இதுதான் 'ரிவர்ஷன்'. காகிதத்தில் படித்தால் பதவி இறக்கம் மாதிரியே இருக்கும். சம்பளமும் குறையும். ஆனால் குற்றம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

சரி, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது இதுதான் என்று எப்படிச் சொல்கிறேன்?

தேதியைப் பாருங்கள். 1946 ஏப்ரல் 1, நிதியாண்டின் முதல் நாள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு, போருக்காக உண்டாக்கிய தற்காலிக இடங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். நிதியாண்டு முடிவோடு கணக்கை முடித்து, புது ஆண்டின் முதல் நாளில் ஆட்களைப் பழைய இடத்துக்கு அனுப்புவது அலுவலகங்களுக்கு வசதியான ஏற்பாடு. ஒழுங்கு நடவடிக்கை அப்படி நாள் பார்த்து வருவதில்லை. விசாரணை எந்த வாரம் முடிகிறதோ அந்த வாரம் ஆணை வரும். ஆனாலும் தேதி ஒரு துப்பு மட்டுமே. அதை வைத்து மட்டும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உறுதி தருவது 84 என்ற எண். 1942-ல் அவருடைய சொந்த ஊதியம் 72. ஆண்டுக்கு மூன்று ரூபாய் வீதம் நான்கு இன்கிரிமென்ட் சேர்த்தால் 84. மேல் பதவியில் தற்காலிகமாக இருந்த காலமும் கீழ்ப் பதவியின் இன்கிரிமென்டுக்குக் கணக்காகும் என்று அடிப்படை விதி 26 சொல்கிறது. அதனால்தான் இறங்கி வந்தபோது அவர் 72-க்குப் போகவில்லை. இடையில் ஓடிய நான்கு ஆண்டும் ஒரு பைசா குறையாமல் சேர்ந்து 84-ல் வந்து உட்கார்ந்திருக்கிறார். தண்டனையாகக் கீழே இறக்கியிருந்தால் எவ்வளவு காலத்துக்கு என்று ஆணையில் குறிப்பிட்டிருக்க வேண்டும், அது பதிவேட்டில் ஏறியிருக்கும். 1930-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள்தான் அப்போது நடைமுறையில் இருந்தன. அவற்றின்படி கீழ்ப்பதவிக்கு இறக்குவது பெரிய தண்டனைகளில் ஒன்று. குற்றச்சாட்டைக் கொடுத்து, எழுத்தில் விளக்கம் வாங்கி, அதன் பிறகே செய்ய முடியும். இவ்வளவு நடந்திருந்தால் தன் பதிவேட்டை வரி விடாமல் நகலெடுத்த ஒரு மனிதரின் டைரியில் ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும்.

எனக்கு மிகவும் திருப்தி தந்தது மூன்றாவது அடையாளம். 1947-ல் 85, 1948-ல் 89. மத்திய அரசு ஊழியர் சம்பளத்தை நிர்ணயிக்க 1946-ல் அமைத்த முதல் ஊதியக் குழு கீழ்நிலை எழுத்தருக்குக் கொடுத்த ஊதிய விகிதம் 55-3-85-ஈ.பி.-4-125-5-130. அதாவது 55-ல் தொடங்கி ஆண்டுக்கு 3 ரூபாய் ஏறி 85, பிறகு 4 ரூபாய் வீதம் 125, கடைசியில் 5 ரூபாய் ஏறி 130. இந்த வரிசையில் 85-க்கு அடுத்து நிற்கும் 'ஈ.பி.' என்பது தகுதித் தடை. அந்த இடத்தில் இன்கிரிமென்ட் தானாக ஓடாது. இவர் ஒழுங்காக வேலை பார்க்கிறார், மேலே போகலாம் என்று அதிகாரி தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி. கெட்ட பெயர் எடுத்தவர்களைத் தடுத்து நிறுத்தவே வைத்த கதவு அது. தகுதித் தடையில் நிறுத்துவது ஒரு தண்டனையாகவே விதியில் எழுதப்பட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லஞ்சத்தில் மாட்டியதாகச் சொல்லப்படும் மனிதர் அந்தக் கதவை முதல் ஆண்டிலேயே தாண்டி 89-க்குப் போயிருக்கிறார். அலுவலகம் அவரைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு அந்த 89-தான் சாட்சி. உறவினர்கள் பேச்சை விட அதை நம்பலாம். அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து 'புது மணி'. 1942 செப்டம்பர் 1 அன்று இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்த நாம் ஆறரை மணி நேரம் முன்னால் போனோம். 1945 அக்டோபர் 15 வரை அப்படியே இருந்தது. பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்த, மாலையில் விளக்கு எரிவதைக் குறைக்க. அலுவலக வாசலில் பத்து மணி என்றே பலகை இருக்கும். ஆனால் சூரியக் கணக்கில் அது பழைய ஒன்பது. ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணிக்கு உதிக்கும். புது மணிப்படி அது ஏழரை. அடுப்பு மூட்டுவதும் குழாயடியில் நிற்பதும் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிற வேலைகள். ஆபீஸ் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. மூன்று வருடம் உங்கள் பாட்டி ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து சமைத்திருப்பார் என்பதை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது, உங்கள் தாத்தாவின் டைரியில் மட்டும் அந்த ஒரு வரி இருக்கிறது.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் திருகோணமலையையும் தாக்கின. சென்னையில் பாதி ஊர் காலியானது, அரசு அலுவலகங்கள் பலவற்றை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். அவருக்கு மேல்பொறுப்பு வந்தது அடுத்த இரண்டு மாதத்தில். ஆள் குறைவு, வேலை அதிகம். அத்தியாவசியப் பணிகள் குறித்த 1941-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட வேலைகளில் இருந்தவர்கள் வேலையை விட்டுப் போவதே குற்றம். இந்த நிலையில் கிடைத்த 110 ரூபாய் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான்கு வருடம் பழகிய பணம். அதை வைத்து வாடகை பேசியிருப்பார், கடன் வாங்கியிருப்பார், மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்திருப்பார். ஒரு மாதத்தில் 26 ரூபாய் போனால் "பிடிச்சுட்டாங்க" என்றுதான் மனிதர் சொல்வார். விதிப்படி அது பிடித்தம் இல்லை. ஆனால் அவர் சொன்னதைப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அவருக்கு உண்மையிலேயே இழப்பு நடந்தது. ஆனால் அது 1946 ஏப்ரலில் நடக்கவில்லை. 1947-ல், சம்பளம் ஒரு ரூபாய் ஏறியதாகத் தெரிகிறதே, அந்த வரியில்தான் நடந்தது.

1946 மே மாதம் மத்திய அரசு முதல் ஊதியக் குழுவை அமைத்தது. தலைவர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார். நம் ஊர்க்காரர், சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு டில்லி ஃபெடரல் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தவர். 1947 மே மாதம் அறிக்கை வந்தது. புது விகிதங்கள் அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் கணக்கானது. அதற்கு முன் ஊதிய விகிதங்கள் பெரும் குழப்பமாக இருந்தன. 1931-ல் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி, அதன் பிறகு சேர்ந்தவர்களுக்குக் குறைந்த விகிதம் வைத்துவிட்டார்கள். ஒரே மேசையில் ஒரே வேலை பார்ப்பவர்கள் இரண்டு விதச் சம்பளம் வாங்கினார்கள். இதை ஒழுங்குபடுத்தியதும், ஒரு மனிதன் பிழைக்கத் தேவையான ஊதியம் என்ற கருத்தை அரசு வேலைக்குள் கொண்டுவந்ததும் அந்தக் குழுவின் நல்ல பங்கு. அடிமட்ட ஊழியருக்கு 30 ரூபாய் அடிப்படை ஊதியம், 25 ரூபாய் பஞ்சப்படி, ஆக 55 என்று நிர்ணயித்தார்கள்.

அந்த 30-ஐயும் 25-ஐயும் தனித்தனியாகப் பாருங்கள். கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம் பஞ்சப்படியில் நிற்கிறது. ஏன்? போர் தொடங்கிய 1939-ஐ 100 என்று வைத்தால் குழு கணக்குப் போட்ட சமயத்தில் விலைவாசி 260-ஐ ஒட்டி இருந்தது. பர்மா விழுந்த பிறகு அந்த அரிசி வராமல் போய் ஏறிய விலை அது. ஆனால் இது போர்க்காலத்து விலை, சீக்கிரம் இறங்கி 160-லிருந்து 175-க்குள் வந்து நிற்கும் என்று குழு எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பின்மேல் அடிப்படை ஊதியத்தைக் கட்டினார்கள். நடுவில் உள்ள இடைவெளியைப் பஞ்சப்படியால் நிரப்பினார்கள். விலை இறங்கினால் படியும் இறங்கும், அடிப்படை நிற்கும். தாளில் அழகான ஏற்பாடு.

விலை இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை. போர்க்காலத்துக்கு மட்டும் என்று வந்த பஞ்சப்படிதான் கிராக்கிப்படியாகி, அகவிலைப்படியாகி, இன்று உங்கள் சம்பளப் பட்டியலில் இரண்டாவது வரியாக இருக்கிறது.

படியாகக் கொடுத்தாலும் பணம் பணம்தானே என்று கேட்கலாம். கையில் வாங்கும்போது சரி. ஓய்வு பெறும்போது அப்படி இல்லை. அன்றைய விதிப்படி முழுச் சேவைக்கும் கிடைக்கும் ஓய்வூதியம், கடைசி மூன்று ஆண்டுச் சராசரி ஊதியத்தில் எண்பதில் முப்பது பங்கு. சராசரி 120 ரூபாய் என்றால் 45 ரூபாய். அந்த 'ஊதியம்' என்ற சொல்லுக்குள் பஞ்சப்படி வராது. 1952-ல் காட்கில் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, படியில் பாதியை ஊதியத்தின் பகுதியாகக் கருதலாம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் நிலைமை மாறியது. பெரிய திருத்தம் இரண்டாவது ஊதியக் குழுவோடு, 1959 ஜூலையிலிருந்துதான் வந்தது. உங்கள் தாத்தா 1957-ல் ஓய்வு பெற்றுவிட்டார். விலைவாசி ஏறினால் ஓய்வூதியமும் கூடவே ஏறுகிற இன்றைய ஏற்பாடு அவர் காலத்தில் கிடையாது. 1947-ல் 'இறங்கும்' என்று எதிர்பார்த்த விலையை வைத்துப் போட்ட அடிப்படை ஊதியத்தை அவர் தன் கடைசி நாள்வரை சுமந்திருக்கிறார். தன் வாழ்க்கையில் போருக்குப் பிறகு ஏதோ குறைந்துவிட்டது என்று அவர் உணர்ந்தது சரி. எந்த வரியில் குறைந்தது என்பதை மட்டும் அவர் தவறாகப் புரிந்துகொண்டார். பாவம், 26 ரூபாய் குறைவது கண்ணுக்குத் தெரியும். அடிப்படை தாழ்வாக நிற்பது தெரியாது.

இதை வேறு மாதிரி செய்திருக்க முடியுமா? அதே நேரத்தில் அமெரிக்க மத்திய அரசு செய்ததைப் பார்த்தால் முடியும் என்று தெரிகிறது. இதை உங்கள் சங்கக் குறிப்பிலும் சேர்க்கலாம், அதனால் கணக்கோடு தருகிறேன்.

அங்கே போருக்கு முன் சனிக்கிழமை நான்கு மணி நேரம்தான் அலுவலகம். போரில் அது போய் வாரம் 48 மணி நேரமானது. 40 மணிக்கு மேற்பட்ட எட்டு மணி நேரத்துக்கு 1943-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவர்டைம் கொடுத்தார்கள். ஒன்றரை மடங்கு என்று பெயர். ஆனால் ஒரு நாள் சம்பளத்தை ஆண்டுச் சம்பளத்தில் 360-ல் ஒரு பங்கு என்று கணக்கிட்டதால் கையில் வந்தது 21.6 சதவீதம் சொச்சம். ஆண்டுக்கு 1,800 டாலர் வாங்கும் எழுத்தருக்கு 390 டாலர் சேர்ந்து 2,190 கிடைத்தது. போர் முடியப்போகிறது, வேலை நேரம் மறுபடி 40-க்கு வரப்போகிறது, அப்போது இந்த 390 போய்விடும். விலையோ ஏறியது ஏறியதுதான். இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்தார்கள். ஜப்பான் சரணடைவதற்கு ஆறு வாரம் முன்னால், 1945 ஜூலை 1 முதல், புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை ஊதியத்தையே அது உயர்த்தியது: முதல் 1,200 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 4,600 வரை 10 சதவீதம், அதற்கும் மேல் 5 சதவீதம். கீழே இருப்பவருக்கு அதிகப் பங்கு. நம் 1,800 டாலர் எழுத்தருக்கு 240-ம் 60-ம் சேர்ந்து அடிப்படை 2,100 ஆனது. 48 மணி நேரம் வேலை பார்த்து 2,190 வாங்கியவர், 40 மணி நேரம் பார்த்து 2,100 வாங்கினார். எட்டு மணி நேரம் குறைந்தது, 90 டாலர் குறைந்தது. சட்டம் வராமல் நேரத்தை மட்டும் குறைத்திருந்தால் 390 போயிருக்கும். அடுத்த ஆண்டு இன்னொரு உயர்வும் கொடுத்தார்கள், 14 சதவீதம் அல்லது 250 டாலர், எது அதிகமோ அது. ஓவர்டைம் மணிக் கணக்கை 1945 சட்டத்திலேயே திருத்தியிருந்தார்கள்: ஆண்டுச் சம்பளத்தை 2,080-ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம். 52 வாரத்தை 40 மணியால் பெருக்கினால் வருகிற எண் அது.

நேரத்தைக் குறைப்பதும் அடிப்படையை உயர்த்துவதும் ஒரே காலத்தில் நடந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அமெரிக்கா பணக்கார நாடு, நாம் அப்போது அடிமை நாடு, ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். தொகையை ஒப்பிட வேண்டாம். எந்த வரியில் கொடுத்தார்கள் என்பதை ஒப்பிடலாம். அவர்கள் அடிப்படையில் கொடுத்தார்கள், இங்கே படியில் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் வேலை நேரத்தை எழுத்தில் கட்டுப்படுத்தும் முயற்சி ரயில்வேயில் வலுவாக நடந்தது. நீதிபதி ராஜாத்யக்ஷா 1947-ல் கொடுத்த தீர்ப்பு, இடைவிடாத கடும் வேலைக்கு வாரம் 45 மணி, தொடர் வேலைக்கு 54 மணி, விட்டுவிட்டு வரும் வேலைக்கு 75 மணி என்று பிரித்தது. அதற்கு முன் தொடர் வேலைக்கு 60, விட்டுவிட்டு வருவதற்கு 84 என்று இருந்தது. 75 இன்றைக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனாலும் ஓர் எண் எழுத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதே நீதிபதியிடம்தான் தபால் தந்தி ஊழியர் கோரிக்கைகளும் 1946-ல் விசாரணைக்குப் போயின. அந்த ஜூலையில் நாடு முழுக்கத் தபால்காரர்கள் வேலை நிறுத்தம் செய்ததை அம்மா கேட்டிருக்கக்கூடும்.

இப்போது உங்கள் குறிப்புக்கு வருகிறேன். போரும் கொள்ளை நோயும் ஒன்றல்ல. ஆனால் அரசு அலுவலகத்துக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் நுழைகின்றன: வேலை நேரம் வாய்மொழியாகக் கூடும், பணம் தற்காலிகமாகக் கூடும் அல்லது தற்காலிகமாக நிற்கும். எனவே சங்கம் முதலில் கேட்க வேண்டியது எழுத்தில் ஓர் ஆணை. யாரை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணி நேரத்துக்கு, எந்தத் தேதிவரை என்று இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் நீங்கள் பார்த்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு வருகைப் பதிவேடாவது இருக்கிறதா? இல்லை என்றால் ஈடுசெய் விடுப்பும் கேட்க முடியாது, மதிப்பூதியமும் கேட்க முடியாது. வாட்ஸ்ஆப்பில் வந்த பணிப் பட்டியலை நம்பிப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவர்கள் பலர் பிறகு என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்.

அடுத்தது அகவிலைப்படி. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, பதினெட்டு மாதம் மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்தியது. 2021 ஜூலையில் 17 சதவீதத்திலிருந்து 28-க்கு உயர்த்தியபோது விகிதம் திரும்பி வந்தது, இடைப்பட்ட மாதங்களின் அரியர் வரவில்லை. தமிழ்நாட்டில் நமக்கு 2022 ஜனவரியில் 17-லிருந்து 31 ஆனது. இதில் சங்கங்கள் அரியரைப் பற்றியே பேசின. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் ஓய்வு பெற்றவர்கள் என்ன ஆனார்கள்? பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் கடைசி மாதத்து ஊதியத்தோடு அகவிலைப்படியையும் சேர்த்துக் கணக்கிடும் தொகைகள். படி உறைந்திருந்தால் அந்தத் தொகையும் உறைந்துவிடும், வாழ்நாளில் ஒரே முறை வாங்கும் பணம் அது. மத்திய அரசு 2021 செப்டம்பரில் இதைச் சரிசெய்தது: அந்தக் காலத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு 21, 24, 28 என்று ஏறியிருக்க வேண்டிய விகிதங்களைக் கணக்களவில் எடுத்துக்கொண்டு பணிக்கொடையைப் போட ஆணையிட்டது. உங்கள் குறிப்பில் முதல் கோரிக்கையாக இதை வையுங்கள்: நெருக்கடியில் படியை நிறுத்தினாலும், அந்த நாட்களில் ஓய்வு பெறுபவர்களுக்கும் இறந்துபோகிறவர்களின் குடும்பத்துக்கும் ஏறியிருக்க வேண்டிய விகிதத்திலேயே கணக்கு முடிக்க வேண்டும், அந்த வாசகம் நிறுத்தும் ஆணையிலேயே இருக்க வேண்டும். பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உங்கள் தாத்தா போன்றவர்களுக்கு அந்தப் 'பிறகு' வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனது, அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

தற்காலிகப் பொறுப்பு கொடுத்தால் அந்தச் சொல்லை ஆணையில் படித்துப் பார்க்கும்படி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பொறுப்பு முடிந்து பழைய இடத்துக்குத் திரும்பும்போது "நிர்வாகக் காரணத்தால், ஒழுங்கு நடவடிக்கையாக அல்ல" என்று ஒரு வரி பணிப்பதிவேட்டில் இருக்கட்டும். அந்த ஒரு வரி 1946-ல் எழுதப்பட்டு, உங்கள் வீட்டில் யாராவது அதைப் படித்திருந்தால், அம்மா இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

கேட்க முடியுமா என்ற கேள்விக்கு: முடியாது. 1946-ல் நடந்தது விதிப்படி சரி. 1947-ன் அடிப்படை ஊதியம் அரசின் கொள்கை முடிவு, அவரும் அந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அரியர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் 1946 ஏப்ரல் வரியின் வலது ஓரம் மடிந்திருக்கிறது. அங்கேதான் குறிப்புரைக் கட்டம் வரும். 'நிரந்தரப் பணியாளர் திரும்பியதால்' என்றோ 'தற்காலிகப் பணியிடம் முடிந்ததால்' என்றோ அர்த்தம் வரும் ஆங்கில வரி அதில் இருக்க வேண்டும். தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் கையால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். லேமினேஷன் செய்யவும் வேண்டாம், பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. பழைய ஆவணங்களைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மடிப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு படம் எடுத்து அனுப்புங்கள், அம்மாவுக்குப் படித்துச் சொல்லும்படி தமிழில் எழுதி அனுப்புகிறேன்.